காதனின் சூட்டுப்பெட்டி

காரைக் கேட்டுக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்துவிட்டுப் போனார். பழைய கார்களை வாங்கிப் பழுது பார்த்து மினுக்கி வைப்பது அவருடைய பொழுதுபோக்காம். எங்கள் நாவற்குடா வீட்டின் பின்பக்கத் தகரக் கொட்டிலுக்குள் நிற்கும் ரஷ்யாக் காரை யாரோ படம் பிடித்துப் போனில் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் தேடி வந்தார். நல்ல மனிதர். மண் தரைதான் என்று நான் சொல்லியும், சப்பாத்தைக் கழற்றிவிட்டே கொட்டிலுக்குள் போனார்.

காருக்குள் என் மகன் இருந்தான். அவன் எப்போதும் அங்கேதான் இருப்பான். முப்பது வயது ஆகப் போகிறது. பேச்சும் கொஞ்சம், நடையும் கொஞ்சம். காலையில் தேத்தண்ணி குடித்ததும் சுவரைப் பிடித்துப் பிடித்துக் கொட்டிலுக்குப் போவான். சாரதி இருக்கையில் ஏறி, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஒரு குமிழைத் திருகுவான். திருகிவிட்டு, அங்கே இருக்கும் தகரச் சல்லடைக்கு முன்னால் உள்ளங்கையை விரித்துப் பிடித்துக்கொண்டு காத்திருப்பான். ஒன்றும் வராது. அதில் அவனுக்குக் குறை இல்லை. மறுபடி திருகுவான்.

கொழும்புக்காரர் அவனுக்கு வணக்கம் சொன்னார். இவன் பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டி, "ஏறுங்க, போவம்" என்றான். அவரும் ஏறிக் குந்திக்கொண்டார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்கள். அதனால்தான் அவரை நல்ல மனிதர் என்கிறேன்.

ஆனாலும் அவர் வந்து போனதிலிருந்து எனக்கு நித்திரை சரியாக இல்லை. எனக்கும் என் மனைவிக்கும் வயது போய்விட்டது. எங்களுக்குப் பிறகு மகனை வந்தாறுமூலையில் இருக்கும் மூத்த மகள்தான் வைத்துப் பார்க்கப் போகிறாள். அவளுடைய வீட்டில் அவனுக்கு ஒரு அறை ஒதுக்கியாயிற்று. ஆனால் காரை நிறுத்த அங்கே இடம் கிடையாது. மனைவி கொடுத்துவிடச் சொல்கிறாள். கொடுத்துவிட்டால், விடிந்ததும் அவன் எங்கே போவான்?  சாப்பிட உட்கார்ந்தாலும் எனக்கு இந்த யோசனைதான்.

அந்தக் காரில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். நான் பள்ளிக்கூடம் போகாதவன். நான் சொல்லச் சொல்ல மூத்தவள் எழுதுகிறாள். வளைந்து வளைந்து போகாமல் நேராக வரச் சொல்லி என்னை ஏசுகிறாள். அந்தக் காரே ஒரு நாளும் நேராகப் போனதில்லை, நான் எப்படிப் போவேன்?

அதற்குக் காதன் என்று பேர். பின்சில்லுகளுக்கு மேலே இரண்டு பக்கமும் காது மாதிரி விரிந்த இரண்டு தகரங்கள் இருக்கும். காற்றைப் பிடித்து எஞ்சினுக்குக் கொடுப்பதற்கு. எஞ்சின் பின்னால். மற்றக் கார்களுக்கு எஞ்சின் இருக்கிற இடத்தில் இதற்கு வெறும் பெட்டி, சாமான் வைக்க. தண்ணீர் ஊற்றத் தேவையில்லை, காற்றிலேயே ஆறிக்கொள்ளும். சத்தம் மட்டும் வாவியில் ஓடுகிற எஞ்சின் தோணிச் சத்தம். நான் வீட்டுக்கு வருவது இரண்டு வயல்வட்டைக்கு அப்பால் வரும்போதே தெரிந்துவிடும், உலையை வைத்துவிடலாம் என்று மனைவி சொல்வாள்.

வேகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. வெறும் காராக ஓடினால் ஓடும். நாலு பேர் ஏறிவிட்டால் பாலத்து ஏற்றத்தில் ஒருவரை இறக்கி நடக்கவிட வேண்டும். அவர் நடந்து போய் மறுகரையில் காத்துக்கொண்டு நிற்பார். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் காற்றை எதிர்த்து மேற்கே போகும்போது சைக்கிள்காரர்கள் எங்களைக் கடந்து போவார்கள். கடந்து போகிறவர்கள் சும்மா போக மாட்டார்கள். அவசரமென்றால் பின்னால் ஏறிக்கொள்ளச் சொல்லிச் சைக்கிள் கரியரைத் தட்டிக் காட்டிவிட்டுப் போவார்கள்.

அதை எனக்குத் தந்தவர் டவுனில் கராச் வைத்திருந்த ஒரு பறங்கி மெக்கானிக், பாஸ் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவருடைய ஆட்கள் எல்லாரும் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள், கடைசியாக அவரும் போனார். போகிற கிழமை என்னைக் கூப்பிட்டுக் காரின் திறப்பைக் கையில் வைத்தார்.

"இது காரில்ல தம்பி, இது ஒரு பழக்கம்," என்றார். "பழகிட்டா விடேலாது."

பிறகு முன்பக்கப் பெட்டியைத் திறந்து, மேலதிகச் சில்லுக்கு அடியில் இருந்த ஒன்றைக் காட்டினார். நீளமான தகர உருளை. ஒரு முனையில் பெற்றோல் குழாய், மறுமுனையில் இரண்டு மூன்று வயர், நடுவில் ஒரு சின்ன விசிறி. குளிர் நாட்டில் செய்த கார் அல்லவா, உள்ளே இருக்கிறவர்கள் விறைத்துப் போகாமல் இருப்பதற்கு அந்தப் பெட்டி பெற்றோலை எரித்துச் சூட்டுக் காற்று அனுப்புமாம். மட்டக்களப்பு வெயிலில் நின்று இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பாஸும் சிரித்தார். கழற்றிப் போட்டால் பாரம் குறையும், கார் கொஞ்சம் ஓடும் என்றார்.

நான் கழற்றவில்லை. முதலில் சோம்பல். பிறகு மாரி வந்தது.

அப்போது எங்களுக்கு வாவிக்கு மேற்கே வவுணதீவுப் பக்கம் வீடு. மூத்தவள் அந்த மாரியில்தான் பிறந்தாள். மழை விடாமல் பெய்து, வட்டையும் வாவியும் ஒன்றாகிக் கிடந்தது. பிள்ளையின் துணிகள் காயவில்லை. அடுப்படியில் கட்டினால் புகை மணம், வீட்டுக்குள் கட்டினால் ஊத்தை மணம். ஒரு நாள் மனைவி காரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அந்தச் சூட்டுப்பெட்டி எரியுமா?" என்று கேட்டாள்.

எரிந்தது. காருக்குள் கொச்சக்கயிறு கட்டித் துணிகளைத் தொங்கவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, குமிழைத் திருகினேன். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியெல்லாம் ஆவி பூத்துவிட்டது. பிறகு மனைவியும் பிள்ளையோடு உள்ளே ஏறிவிட்டாள். வெளியே அப்படி மழை, உள்ளே அப்படி ஒரு இளஞ்சூடு. பெற்றோல் மணமும் பிள்ளை மணமுமாகத் துணிகளுக்கு நடுவில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தோம். அந்த மாரி முழுக்க எங்களுக்கு அதுதான் வீடு. இதை எழுதுகிறவளுடைய துணிகள்தான் அவை. இந்த இடத்தில் அவள் பேனையை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். எழுதடி என்கிறேன்.

பிறகு பாஸ் சொன்னதை நினைத்து ஒரு முறை பெட்டியைக் கழற்றப் பார்த்தேன். மனைவி விடவில்லை. அடுத்த பிள்ளையின் மாரிக்கும் அது வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

காரை வைத்து நான் தயிர் கொண்டுபோனேன். எங்கள் பக்கத்து எருமைத் தயிர். எஞ்சின் பின்னால் இருப்பதில் ஒரு நன்மை, முன்பெட்டியில் அடுக்கிய சட்டிகளுக்குச் சூடு படாது. வைக்கோலை நெரித்து அடுக்கினால், அந்த ஓட்டத்துக்குத் தயிர் ஆடவும் ஆடாது. மற்றவர்கள் வேகமாகக் கொண்டுபோய்த் தண்ணீராக இறக்குவார்கள், என்னுடையது கத்தியால் வெட்டுகிற மாதிரி இருக்கும். டவுனில் இருந்தவர்கள் காதன் தயிர் என்று கேட்டு வாங்கினார்கள்.

சண்டைக் காலம் வந்தது. வாவிக்கு மேற்கே ஒரு ஆட்சி, கிழக்கே டவுனில் இன்னொரு ஆட்சி. பாலத்தடியில் ஆமியின் சோதனைச்சாவடி. ஆட்கள் இறங்கி நடக்க வேண்டும், வாகனத்தைத் தனியே சோதிப்பார்கள். எங்கள் பக்கத்துக்குப் பெற்றோல் வரவிடுவதில்லை, பற்றரியும் வரவிடுவதில்லை. காதன் மண்ணெண்ணெயில் ஓடப் பழகியது. கிளப்புவதற்கு மட்டும் நாலு சொட்டுப் பெற்றோல், பிறகு கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு போகும். தயிர்ச் சட்டிகளுக்குள் கம்பியை விட்டுக் கிண்டிப் பார்ப்பார்கள். கிண்டிய தயிரை யார் வாங்குவார்கள்? வீட்டுக்குக் கொண்டுவந்து நாங்களே சாப்பிட்டோம். மூத்தவள் தயிர் என்றால் ஓடுவாள்.

அந்தச் சூட்டுப்பெட்டியைப் பார்த்த முதல் நாள் சாவடியில் பெரிய பதற்றம். குழாய், வயர், உருளை. பார்க்கிறவர்களுக்கு வேறு என்ன தோன்றும்? அன்று எரித்துக் காட்டித்தான் தப்பினேன். அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். சாவடியில் ஆட்கள் மாறுவார்கள். மாறினால், அவசரம் எதுவும் இல்லாத ஒரு நாள் பார்த்து, ஒரு சட்டித் தயிரோடு வெறும் காரைக் கொண்டுபோய் நிறுத்துவேன். பெட்டியைத் திறந்து, எஞ்சின் பின்னால் இருப்பதையும் சூட்டுப்பெட்டி முன்னால் இருப்பதையும் காட்டுவேன். அவர்கள் சிரிப்பார்கள், ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக் காட்டுவார்கள். சிரித்துவிட்டால் பிறகு பயமில்லை. பிள்ளைக்குப் பேர் வைத்து ஊருக்குக் காட்டுகிற மாதிரி ஒவ்வொரு புதுக் கூட்டத்துக்கும் காதனைக் காட்டி வைத்திருந்தேன்.

இரண்டாவது பிள்ளையின்போது மனைவிக்கு நோவு கண்டது ஒரு கச்சான் மாதத்தில், சரியான வெயில். வெள்ளனத் தொடங்கிய நோவு உச்சி நேரமாகியும் முன்னேறவில்லை. மருத்துவிச்சி அம்மா வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தார். அவர் முன்பு ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர், சிங்களமும் பறைவார். என்னை வெளியே கூப்பிட்டு, பிள்ளை கிறுகி மாறிக் கிடக்கிறது, இங்கே வைத்துச் செய்ய ஏலாது, கெதியாக டவுனுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்.

காற்று பின்னால் அடித்ததால் காதன் அன்று ஓடியது. அப்படி ஒரு நாளும் ஓடியதில்லை. சாவடியில் போய் நின்றதும்தான் பார்த்தேன், ஒரு முகமும் தெரிந்த முகமில்லை. அன்று காலையில் ஆட்கள் மாறியிருக்கிறார்கள்.

மனைவியையும் இறக்கச் சொன்னார்கள். மருத்துவிச்சி அம்மா அவளைத் தாங்கிக்கொண்டுபோய்த் தகரப் பந்தலுக்குள் இருத்தினார். ஒரு சிப்பாய் முன்பெட்டியைத் திறந்தான். எஞ்சின் இல்லாததைப் பார்த்து என்னைப் பார்த்தான். பிறகு சில்லைத் தூக்கினான். தூக்கிய சில்லை அப்படியே மெல்ல வைத்துவிட்டுப் பின்னால் நடந்தான். நடந்த விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"மொகக்த மே?" என்று தூரத்தில் நின்று கேட்டான். என்ன இது என்று.

விசில் ஊதினார்கள். வரிசையில் நின்ற சனத்தையெல்லாம் பின்னுக்கு விரட்டினார்கள். சாவடிப் பெரியவர் வந்தார். பெரியவர் என்றாலும் மீசை சரியாக முளைக்காத வயதுதான். மருத்துவிச்சி அம்மா பந்தலில் இருந்தபடியே சிங்களத்தில் விளக்கினார். ரஷ்யாவில் குளிர், அதற்காக வைத்த சூட்டுப்பெட்டி என்று. பெரியவர் வெயிலைப் பார்த்தார், என் சட்டை வியர்வையைப் பார்த்தார். யார்தான் நம்புவார்கள்? டவுனிலிருந்து குண்டு பார்க்கிற ஆட்கள் வந்து பார்க்கும்வரை யாரும் அசையக் கூடாது என்றார். அவர்கள் எப்போது வருவார்கள் என்று அவருக்கே தெரியவில்லை.

பந்தலில் இருந்து என் மனைவியின் சத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் சத்தம் போடுகிறவள் அல்ல. சத்தத்துக்கு நடுவில் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"எரிச்சுக் காட்டுங்க. மறுகா என்ன செய்ய."

மருத்துவிச்சி அம்மா அதைச் சிங்களத்தில் சொன்னார். பெரியவர் யோசித்தார். பிறகு, நான் மட்டும் உள்ளே ஏறி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு எரிக்க வேண்டும், மற்ற எல்லாரும் தூரப் போக வேண்டும் என்றார். ஏறினேன். அது எரிந்து வருடங்களாகிவிட்டன. தாங்கியில் இருப்பதோ மண்ணெண்ணெய். குமிழைத் திருகினேன், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி திருகினேன், முன்பக்கம் கரும்புகை எழும்பியது. மணல் மூட்டைகளுக்குப் பின்னால் எல்லாரும் குப்புற விழுந்தார்கள். துவக்குகள் என் பக்கம் திரும்பின. நான் குமிழில் இருந்து கையை எடுக்கவில்லை. எடுத்தால் எனக்கு வேறு கதை இல்லை. பாஸ் கண்ணுக்குள் வந்து போனார். அப்போது உள்ளே ஏதோ புசுக்கென்று பற்றியது. விசிறி சுற்றத் தொடங்கியது.

சூட்டுக் காற்று வந்தது. மூடிய கண்ணாடி, வெளியே கச்சான், உள்ளே அந்தக் காற்று. மூச்சு முட்டியது. கண்ணாடிக்கு அப்பால் பந்தலில் மனைவி மடியைப் பிடித்துக் குனிந்திருப்பது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. அது ஏன் கேட்கவில்லை என்று நினைத்துப் பயந்தேன்.

பெரியவர் தனியாக நடந்து வந்தார். கதவைத் திறந்தார். சல்லடைக்கு முன்னால் உள்ளங்கையை விரித்துப் பிடித்தார். அவருடைய முகம் மாறியதைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. திரும்பிப் பந்தலைப் பார்த்தார், பிறகு ஓடினார். அவளைத் தூக்கிக்கொண்டு வந்து பின் இருக்கையில் வைத்தவர் அவர்தான், மருத்துவிச்சி அம்மாவும் அவளோடு ஏறினார்.

ஆனால் பற்றரி பழையது. சூட்டுப்பெட்டி இருந்ததை எல்லாம் குடித்துவிட்டது. திறப்பைத் திருகினால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சிப்பாய்கள் துவக்குகளை முதுகில் போட்டுக்கொண்டு தள்ளிக் கிளப்பினார்கள். அடுத்த சாவடியில் மறிக்காமல் இருக்கப் பெரியவர் என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஏறினால், நாலு பேர். பாலத்து ஏற்றத்தில் காதன் திணறி நின்றுவிடப் பார்த்தது. மீசை முளைக்காத அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது, காரைப் பார்த்தது, விளங்கிக்கொண்டு கதவைத் திறந்து குதித்தது. குதித்துக் கூடவே ஓடிக்கொண்டு முன்னால் இருந்தவர்களுக்குக் கையைக் காட்டிக் கத்தியது. தடையைத் தூக்கினார்கள். கண்ணாடியில் அவர் சின்னதாகிச் சின்னதாகிப் போவதைக் கடைசியாகப் பார்த்தேன்.

மகன் பிறந்தான், ஆனால் அழவில்லை. அழவைக்கக் கனநேரம் எடுத்தது. பிந்திவிட்டது என்று டொக்டர் சொன்னார். எதற்குப் பிந்தியது என்று அவர் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததிலிருந்து மனைவி காரின் பக்கமே போகவில்லை. பிள்ளை தலை நிமிர்த்த வேண்டிய மாதத்தில் நிமிர்த்தவில்லை. குந்த வேண்டிய மாதத்தில் குந்தவில்லை. ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அண்டைக்கு நீங்க கழட்டப் போக்குள்ள நான் விட்டிருந்தா?"

நான் தலையை நிமிர்த்தாமல் சொன்னேன். "கழட்டியிருந்தா அந்த ஓட்டயக் கண்டிருப்பானுகள். வெட்டின குழாயும் வயரும் என்னத்துக்கெண்டு கேட்டிருப்பானுகள். பெட்டி இருந்தபடியாத்தான் எரிச்சாவது காட்டினம். ஓட்டய எப்பிடிக் காட்டுற?"

அவள் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். அவளை ஆறுதல்படுத்தச் சொன்னேனா, உண்மையாகவே நினைத்துச் சொன்னேனா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

பிறகு நாவற்குடாவுக்கு வந்தோம். காதன் ஓடாமல் கொட்டிலுக்குள் நின்றது. மகன் நடக்கத் தொடங்கிய பிறகு தானாகவே அதைக் கண்டுபிடித்தான், தானாகவே அந்தக் குமிழையும் கண்டுபிடித்தான். ஒரு மாரியில் கொஞ்சம் பெற்றோல் ஊற்றி, வேறு பற்றரி பூட்டி அவனுக்கு எரித்துக் காட்டினேன். சூட்டுக் காற்று கையில் பட்டதும் அவன் சிரித்த சிரிப்பு. "சூடு," என்றான். அவன் தெளிவாகச் சொன்ன முதல் சொற்களில் அதுவும் ஒன்று. மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு பெட்டி பழுதாகிவிட்டது. அவன் காத்திருப்பதை விடவில்லை.

இவ்வளவும் இருக்கிறது அந்தக் காரில். கொழும்புக்காரர் போகும்போது ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போனார். இந்த மாதிரிக் கார்கள் வேறு இடங்களிலும் கிடைக்கும், ஆனால் சூட்டுப்பெட்டியோடு ஒன்றும் கிடைக்காது, எல்லாரும் கழற்றி எறிந்துவிட்டார்கள், அதனால்தான் இது வேண்டும் என்றார். எனக்கு அது இன்னொரு பாரமாகிப் போனது. அவனுக்கு வேண்டியதும் அதுதான், அவருக்கு வேண்டியதும் அதுதான்.

நேற்று மகனுக்குக் கொஞ்சம் காய்ச்சல், படுத்திருந்தான். கொட்டிலுக்குள் சத்தம் கேட்டுப் போனேன். மனைவி முன்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, குறட்டோடு குனிந்து நின்றாள். அத்தனை வருடமாக அந்தக் காரின் மேல் கை வைக்காதவள். சூட்டுப்பெட்டியின் ஒரு ஆணி கழன்றுவிட்டது, மற்றது துருப்பிடித்து இறுகிக் கிடந்தது.

"என்ன புள்ள செய்யிறா?" என்று அவளைக் கேட்டேன்.

"இத மகள்ர ஊட்டுக்குக் கொண்டுபோகலாந்தானே. அறைக்குள்ள ஒரு மூலைக்குள்ள வைக்கலாம். குமிழையும் சல்லடையையும் கழட்டி இதோட பூட்டலாம். கார அந்த மனிசன் கொண்டு போகட்டும்."

"அவரு இதுக்குத்தானே கேட்டவரு. வந்து ஓட்டயப் பாத்தா என்னெண்டு கேப்பாரு."

அவள் நிமிர்ந்தாள். முதுகைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கேக்கட்டும்," என்றாள். "இப்ப இருத்திவச்சுச் சொல்லலாந்தானே. ஆரும் துவக்க நீட்ட மாட்டாங்க."

நான் அவள் கையிலிருந்து குறட்டை வாங்கினேன். மற்ற ஆணியைக் கழற்ற முடியவில்லை. தேங்காயெண்ணெய் விட்டு ஊறவைத்திருக்கிறோம்.